பின்சீட்டில் இருப்பவரைக் கேட்டீர்களா?

வண்டியின் எடையைக் குறைக்க நினைக்கிற பையன் முதலில் கழற்றுவது சாரி கார்டை. அடுத்து, பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பி. பிறகு பக்கக் கண்ணாடிகள், பின் மட்கார்டு, இண்டிகேட்டர். கடைசியில் சைலன்சர். திருவண்ணாமலையில் லேத்தும் போரிங் மெஷினும் வைத்துப் பிழைப்பவன் நான். இந்த வரிசை பெரிதாக மாறி நான் பார்த்ததில்லை. ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஓட்டுகிறவனுக்கு வைத்த பொருள்களே கிடையாது. சாரி கார்டு பின்னால் ஒருக்களித்து உட்காரும் அம்மாவுக்கு. கம்பி தங்கைக்கு. இண்டிகேட்டர் பின்னால் வரும் ஆட்டோக்காரருக்கு. சைலன்சர் தெருவுக்கு. என் வண்டி, என் இஷ்டம் என்று அவன் சொல்கிறான்; கழற்றி மூலையில் போடுவதெல்லாம் அடுத்தவர் பங்கு.

ஆரணிப் பட்டு நெய்கிற மாவட்டம் இது. முகூர்த்த நாளில் வட ஒத்தவாடைத் தெருப் பக்கம் நின்று பாருங்கள், பின்சீட்டில் பட்டுப்புடவை கட்டாத வண்டி அபூர்வம். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். அதற்காகத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி இருக்கிறது. பின்னால் ஆள் ஏற்றும் மோட்டார் சைக்கிளில் நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருந்தே ஆக வேண்டும். கம்பெனிக்காரன் அழகுக்கு மாட்டியது என்று பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இவ்வளவையும் கழற்றி என்ன லாபம்? கழற்றியதையெல்லாம் என் பட்டறைத் தராசில் ஏற்றினால் ஐந்து கிலோ தேறினால் பெரிது. யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ எடுத்துக்கொள்வோம். வண்டி 103 கிலோ, ஓட்டுகிற பையன் 60 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 163-இல் ஐந்து போனால் மூன்று விழுக்காடு. 11 குதிரைத்திறனில் மூன்று விழுக்காடு என்பது ஒரு குதிரையில் மூன்றில் ஒரு பங்கு. டேங்கை நிரப்பாமல் பாதியில் வைத்திருந்தாலே நான்கு கிலோ குறைந்துவிடும், ஸ்பேனரைத் தொட வேண்டியதில்லை. நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேரடி வீதியைத் தாண்டும்போது அத்தனை கணக்கும் காலி.

எடைக் குறைப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. பந்தயத் தடத்தில் அரைக் கிலோவுக்கும் மதிப்பு உண்டு. அதிலும் சுற்றுகிற எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை, அதாவது சக்கரம், டயர், ஸ்பிராக்கெட் இவற்றில் குறைத்தால் வண்டி வளைவில் சொன்னபடி கேட்கும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ஏறும் பாதையில் எடை குறைந்த வண்டி தரும் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் நல்ல சக்கரத்துக்குப் பணம் வேண்டும், வேலை தெரிந்த ஆள் வேண்டும். சாரி கார்டுக்கு நான்கு போல்ட் போதும். அதனால்தான் அது முதலில் போகிறது.

ஆர்.எக்ஸ். 100 பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் எஸ்கார்ட்ஸ் யமஹாவோடு சேர்ந்து கொண்டுவந்த வண்டி. 1996-இல் உற்பத்தி நின்றது. இன்றைய 350 சி.சி. புல்லட் கிட்டத்தட்ட 195 கிலோ, 20 குதிரைத்திறன். கிலோவுக்கு எத்தனை குதிரை என்று இரண்டுக்கும் வகுத்துப் பாருங்கள், விடை ஏறக்குறைய ஒன்றுதான் வரும். நூறு சி.சி.-கூட முழுதாக இல்லாத வண்டி அது! எடையைக் குறைத்து சக்தியைக் கூட்டும் வேலையை ஜப்பான்காரன் அன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட்டான்.

அதன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. கணக்குப் போட்டால் 98 சி.சி. தேய்ந்த சிலிண்டரை நாங்கள் கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று எனப் படிப்படியாக ஓவர்சைஸ் போர் செய்வோம். ஒரு மில்லிமீட்டர் வரை போனாலும் 102 சி.சி.தான் ஆகும். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் 58 மி.மீ. விட்டமுள்ள ஆர்.எக்ஸ். 135 பிளாக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார்கள், அது 132 சி.சி. இன்னும் சிலர் போர்ட்டிங் கேட்பார்கள். "எக்ஸாஸ்ட் போர்ட்டை கொஞ்சம் மேல ஏத்திக் குடுங்கண்ணா, ஹெட்டையும் இழைச்சிடுங்க" என்பார்கள். "எதுக்கு தம்பி?" என்றால், "சும்மா, கெத்தா இருக்கும்ணா".

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்தப் போர்ட்டின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் வண்டியின் குணமே மாறிவிடும். சக்தி கூடும், ஆனால் இன்ஜின் உச்சத்தில் கத்தும்போது மட்டும்தான் கூடும். அடியில் இருந்த இழுவை போய்விடும். நம் ஊரில் யோசித்துப் பாருங்கள். பெரிய தெருவில் மாட்டுக்கும் பூக்கடைக்கும் நடுவே இரண்டாம் கியரில் ஊர்ந்து போகிற வண்டிக்கு வேண்டியது அந்த அடி இழுவைதான். அதைக் கொடுத்துவிட்டு, எண்பதுக்கு மேல் மட்டும் கிடைக்கும் ஒன்றை வாங்குகிறார்கள். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் கிளட்சை அரைப் பிடியில் வைத்துக் கத்தவிட்டுப் போக வேண்டும். ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டினால் சித்திரை வெயிலில் இன்ஜின் தட்டத் தொடங்கும். எடை குறையட்டும் என்று ஆயில் பம்பையும் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஆயிலைக் கண்ணளவாகக் கலந்தால், பிஸ்டன் பிடித்துக்கொண்டு பிளாக் திரும்ப என்னிடமே வரும். எனக்கென்ன, வருமானம்தான்.

நூறில் ஓடும் வண்டியை நூற்றுப்பத்தில் ஓட்ட எவ்வளவு சக்தி கூடுதலாக வேண்டும்? பத்து விழுக்காடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். 11 குதிரை 14.6 ஆக வேண்டும். அந்த வேகத்தில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் செங்கம் பக்கம் போகும்போது கரும்பு டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் குறுக்கே வந்தால் நிறுத்துவதற்கு இருப்பது முன்னும் பின்னும் பழைய டிரம் பிரேக். அறுபதில் வரும் வண்டியை நிறுத்துவதைவிட எண்பதில் வருவதை நிறுத்த முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் தூரம் பிடிக்கும். சக்தியைக் கூட்டச் சொல்லி வருகிறவர்களில் பிரேக் ஷூ எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் குறைவு.

சத்தம் தனிக் கதை. 80 முதல் 175 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள் 77 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்பது கம்பெனிக்கு வைத்த வரம்பு. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. பௌர்ணமிக்கு மட்டும் போலீசார் கிரிவலப் பாதையில் வண்டிகளைத் தடுக்கிறார்கள். மற்ற இரவுகளிலும் அந்த 14 கிலோமீட்டரில் வெறுங்காலோடு நடப்பவர்கள் உண்டு, பாதி பேர் வயதானவர்கள். ரமணாசிரமத்தைத் தாண்டி எமலிங்கம் பக்கம் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டி, உள்ளே ஒன்றுமில்லாத குழாயை மாட்டிய வண்டி முதுகுக்குப் பின்னால் வெடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவாள்? புதிய வண்டிகளில் இன்னொன்றும் சேர்ந்து போகிறது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வந்த பிறகு, புகையை வடிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்த எக்ஸாஸ்டுக்குள்தான் இருக்கிறது. குழாயை மாற்றினால் அதுவும் குப்பைக்கு.

இதே ஊரில் நேர் எதிர்த்திசையில் வண்டியை மாற்றுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100, தொண்ணூறு கிலோவுக்கும் குறைவு, நான்கு குதிரைக்குச் சற்று மேல். அதை வாங்கிய கையோடு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பால் கேனுக்கு வளையம், காய்கறிக் கிரேடுக்குக் கேரியர், பின்னால் தடித்த ஸ்பிரிங் எல்லாம் போட்டுக்கொள்கிறார்கள். எடையைக் கூட்டுவதற்காகச் செய்யும் மாற்றம்! வேட்டவலம் சாலையில் விடியற்காலையில் வரும் பால்காரரின் வண்டியை அளந்தால் அதுவும் சட்டப்படி குற்றமாகத்தான் இருக்கும்.

இங்கேதான் எனக்குச் சட்டத்தின் மீது வருத்தம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தம் வந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்றானது. நோக்கம் சரி. ஆனால் 132 சி.சி. பிளாக் மாட்டுகிறவன், சைலன்சரைக் குடைகிறவன், பால் கேனுக்கு வளையம் வைக்கிறவர் எல்லோரையும் ஒரே வலையில் போட்டால், கடைசியில் யாரையும் பிடிப்பதில்லை. பிடித்தால் பார்வைக்குச் சிக்குகிறவரைத்தான் பிடிக்கிறார்கள். ஜெர்மனியில் மாற்று உதிரிபாகத்துக்குத் தரச்சான்று கேட்கிறார்கள், இல்லையென்றால் வண்டியைச் சோதித்து அந்த மாற்றத்தை ஆவணத்தில் எழுதித் தருகிறார்கள். இங்கேயும் எரிவாயுக் கிட்டுக்கும் மின்சார மோட்டார் கிட்டுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. நல்ல பிரேக், நல்ல ஷாக், பால் கேரியர் இவற்றுக்கும் அதைத் திறந்துவிடலாம். சைலன்சருக்கும் சாரி கார்டுக்கும் திறக்கவே கூடாது.

பையன்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளவயதில் ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, வெள்ளைக்காரரிடம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றி மாட்டித்தான் தொழில் கற்றார். கழற்றிப் பார்க்கும் ஆசை இல்லாத ஊரில் என்னைப் போன்றவர்களுக்குப் பட்டறையே இருக்காது. அந்த ஆசைக்கு இடமும் இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கோவை செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இன்னொன்று இருக்கிறது. ஆரணி, காஞ்சிபுரம் வழியாகப் போனால் இருங்காட்டுக்கோட்டைக்கு அரை நாள்கூட ஆகாது. வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போ, அங்கே பின்சீட்டையே பிடுங்கிப் போடு, யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வேலைக்கு என்னிடம் வந்தால் போர்ட்டை நானே வரைந்து, நானே அரைத்துத் தருகிறேன்.

ஊருக்குள் ஓட்டும் வண்டிக்குச் செலவழிக்கப் பணம் இருக்கிறது என்றால் நான் சொல்வது டயர், பிரேக் ஷூ, செயின் செட், முன் ஃபோர்க் ஆயில். மீதி இருந்தால் நல்ல ஹெல்மெட் இரண்டு. பையன்களுக்கு இந்தப் பட்டியல் பிடிப்பதில்லை, கேட்டுக்கொண்டே செல்போனைப் பார்க்கிறார்கள். பிளாக்கைக் கொண்டுவந்தால் ஆர்.சி.யை வாங்கிப் பார்க்கிறேன். 98 சி.சி. என்று எழுதியிருந்தால் ஐம்பது மில்லிமீட்டர் கணக்குக்குத்தான் என் மெஷின் ஓடும். ஓவர்சைஸில் கூடும் இரண்டு மூன்று சி.சி.யை ஆர்.டி.ஓ. பெரிய மனது பண்ணிக் கண்டுகொள்ளாமல் விடுவார் என்று நம்புகிறேன்.