தலையில் கட்டுவது எப்படி?

நம்மூரில் பழைய காரை யாரும் "விற்பதில்லை". கவனித்துப் பாருங்கள். நிலம் என்றால் விற்பார்கள், நகை என்றால் விற்பார்கள், ஓட்டை கார் என்றால் மட்டும் "எவன் தலையிலயாவது கட்டிவிடு" என்பார்கள். பெரியப்பா சொல்கிறார், எதிர்வீட்டு அங்கிள் சொல்கிறார், என்னோடு படிக்கும் மெக்கானிக்கல் பையன்களே சொல்கிறார்கள். யாருக்கும் இந்த வார்த்தை உறுத்துவதில்லை. எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் புலம்பல்.

குற்றவாளியை அறிமுகப்படுத்தி விடுகிறேன். எங்கள் வீட்டு மாருதி 800. 2001ல் அப்பா புதிதாக வாங்கியது. முன் பம்பர் கம்பி கட்டித்தான் நிற்கிறது. இடது பக்கக் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். இன்ஜின் மட்டும் தங்கம், இன்றும் இரண்டாவது செல்ஃபில் கிளம்பிவிடும். ஆர்.சி.யை 2016ல் ஒரு தரம், 2021ல் ஒரு தரம் புதுப்பித்தாயிற்று. அடுத்த கெடு 2026.

15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று அறிவிப்பு வந்தது. பசுமை வரி, இன்ஷூரன்ஸ், டிங்கரிங், எஃப்.சி.க்குத் தயார் செய்யும் செலவு எல்லாம் தனி. ஆக, வைத்துக்கொள்வது கட்டுபடியாகாது. விற்பதா, உடைக்கக் கொடுப்பதா? அதுதான் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

புரோக்கர் தருவது 35,000. உடைப்பு மையத்தில் 17,000. வித்தியாசம் 18,000 ரூபாய். கிட்டத்தட்ட என் ஒரு செமஸ்டர் ஃபீஸில் பாதி. அப்படியிருந்தும் உடைக்கத்தான் வேண்டும் என்கிறேன் நான். வீட்டில் என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறார்கள்.

காரணம் வயசு இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "15 வருஷம் ஆச்சுன்னா குப்பை, நசுக்கிப் போடு" என்கிற கோஷ்டி. டெல்லி வட்டாரத்தில் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது, 2025ல் அதே உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. நம் மாநிலத்தில் தனியார் காருக்கு அப்படி வயசுத் தடை கிடையாது. தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாக ஆர்.சி.யை நீட்டிக்கலாம். அதுதான் நியாயமும்கூட. காலண்டரைப் பார்த்து காரை உடைப்பது முட்டாள்தனம். நன்றாகப் பராமரித்த 1998 மாடல் ஒன்றை ஒரு கொத்தனாரோ டெய்லரோ வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளை மழையில் நனையாமல் கூட்டிப்போனால் அதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது? அந்த வண்டியை உடைப்பவன்தான் பாவி.

ஆனால் எங்கள் வண்டி அந்த ஜாதி இல்லை. டிரைவர் காலடியில் இருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. போன மாதம் பங்சர் ஆனபோது ஜாக்கி வைத்தோம். ஜாக்கி மேலே போனது, கார் போகவில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி ஜாக்கியை உள்ளே விட்டுவிட்டது.

இது என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். லாரி, ஜீப் மாதிரி இதற்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. பாடியேதான் சேஸிஸ். தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் தகடு, முன் சஸ்பென்ஷன் உட்காரும் இடம், இவை எல்லாம் சேர்ந்துதான் மொத்த பலமும். வெறும் 650 கிலோ சொச்சம் எடையுள்ள வண்டி. ஏர்பேக் கிடையாது (டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனதே 2019 ஜூலையில்தான்). ஆகவே உள்ளே இருப்பவனுக்கு அந்தத் தகடு ஒன்றுதான் காவல். அதுவும் துரு தின்றுவிட்டால் அது கார் இல்லை, சக்கரம் வைத்த தகர டப்பா.

இனி வழக்கமான எதிர்வாதங்கள்.

"வாங்குறவன் பார்த்துத்தானே வாங்குறான்?" எங்கே பார்க்கிறான்? புரோக்கர் கைக்குப் போன மறுநாள் ஓட்டை மேல் மெல்லிசாக ஒரு தகடு, அதன் மேல் பட்டி, அதன் மேல் பெயிண்ட், தரையில் கறுப்பு கோட்டிங், புது மேட். பளபளவென்று ஆகிவிடும். வாங்க வருகிறவன் முதல் முறையாக கார் வாங்குகிறவன். அவன் ஏ.சி. வேலை செய்கிறதா, செட் பாடுகிறதா என்றுதான் பார்ப்பான். ஜாக்கி வைத்துப் பார்க்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்தப் பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாம்தான்.

"ஏழைக்கு ஒரு கார் கிடைக்குதேடா?" இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கும் வாதம். நம் பிள்ளையை ஏற்றப் பயப்படும் வண்டியில் அவன் பிள்ளையை ஏற்றிவிட்டு, அதற்கு உதவி என்று பெயர் வேறு. அவன் 35,000 கொடுக்கிறான் சார், இலவசமாக வாங்கவில்லை.

"வெல்டிங் வெச்சா சரியாயிடும்." ஆகும், சுற்றிலும் நல்ல தகடு இருந்தால். எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "வெல்டிங் வைக்க இடம் வேணும் தம்பி, பிடிக்கவே ஆளில்லாத இடத்துல எங்க வைக்கிறது?" என்றார். அவர் ஐ.டி.ஐ. கூடப் போனதில்லை. என் வகுப்புத் தோழர்கள் இதை ஒருமுறை படிக்கவும் :-)

சரி, மனசாட்சியை விடுங்கள். சுயநலமாகவே யோசிப்போம். புரோக்கர்கள் பலர் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டு எடுத்துப் போவார்கள். வண்டி நாலு கை மாறும், ஆர்.சி. மட்டும் அப்பா பேரிலேயே இருக்கும். விற்ற 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு (வேறு மாநிலம் என்றால் 45 நாள்). எத்தனை பேர் செய்கிறார்கள்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இப்படிக் கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் வழக்கில்தான் தீர்ப்புச் சொன்னது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு, எப்போதோ விற்றுவிட்டேன் என்பது செல்லாது என்று. ஆக நாம் அடுத்தவன் தலையில் கட்டியது நம் தலையிலேயே வந்து விடியலாம்.

உடைப்பது என்று முடிவு செய்தாலும் முறையாகச் செய்ய வேண்டும். புதுப்பேட்டைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு செத்த காரின் கியர்பாக்ஸை வைத்து இன்னொரு காரை ஓடவைக்கும் கலை அது. ஆனால் தெரு ஓரப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தால் வண்டி போய்விடும், ஆர்.சி. உயிரோடு இருக்கும். அந்த நம்பர் நாளைக்கு எந்தத் திருட்டு வண்டியில் ஒட்டிக்கொண்டு திரியுமோ. 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு மையங்கள் இருக்கின்றன. ஆயில், பேட்டரி ஆசிட், ஏ.சி. கேஸ் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் உடைக்க வேண்டும். ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழ், உடைத்ததற்கு ஒரு சான்றிதழ். பதிவும் ரத்தாகிவிடும். முதல் சான்றிதழைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்றும் மத்திய விதி இருக்கிறது. 18,000 நஷ்டம் என்று கணக்குப் போடும் பெரியப்பா இதையெல்லாம் கூட்டுவதே இல்லை.

என் கணக்கு ரொம்ப எளிது. ராத்திரி பத்து மணிக்கு, மழையில், என் தங்கச்சியை அந்த வண்டியில் திண்டிவனம் வரை அனுப்புவேனா? அனுப்புவேன் என்றால் விற்கலாம். இருக்கும் குறையை எல்லாம் சொல்லி, பேர் மாற்றிக் கொடுத்து, நல்ல விலைக்கே விற்கலாம். மாட்டேன் என்றால் உடைக்கத்தான் வேண்டும், எவன் எத்தனை ஆயிரம் கூடக் கொடுத்தாலும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் புரோக்கர் இரண்டு தரம் போன் செய்தும் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டு வாசலிலும் தார்ப்பாய் போர்த்தி ஒன்று நிற்கிறதா? விலை பேசும் முன் மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.