துருவப் பனியும் மூடா ஆறும்

உலக நன்னீரில் ஏறத்தாழ 69 விழுக்காடு பனியாய் உறைந்துள்ளதெனக் கற்பிக்கிறோம். "அதை உருக்கிக் குடிக்கலாமே, ஐயா!" என்கின்றனர் மாணவர். அப்பனியில் பெரும்பகுதி அண்டார்டிக்காவில் உள்ளது. உருகினாலும் கடலில் கலந்து உப்பாகிவிடும்.

பினாங்கு நீரில் சுமார் 80 விழுக்காட்டைத் தருவது மூடா ஆறு. அதன் நீர்ப்பிடிப்பு கெடாவின் உலு மூடா காடு. அங்கு மரங்கள் வீழ்ந்தால் நமக்கும் கேடுதான். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றியபோதே பல வீடுகளில் சில நாள் நீரில்லை! துருவக் கணக்கை ஒப்பிக்கும் பிள்ளை தன் வீட்டு நீரின் ஆற்றை அறியாதிருப்பது எனக்கு ஏற்புடையதன்று.

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் மெர்டேக்கா பாலத்தருகே வண்டியை நிறுத்தி, அந்த ஆற்றைக் காட்டுங்கள். ஆசிரியர்களே, உலு மூடாவை வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள்.