சோதிடமும் ஆளுமைச் சோதனையும்

(இளம் அறிவியல், மூன்றாம் ஆண்டு, புள்ளியியல்)

'நான் எப்படிப்பட்டவன்?' என்ற வினா மனிதனை விட்டு அகலாத வினா. இதற்கு விடை தேடி நம் முன்னோர் பஞ்சாங்கத்தைப் புரட்டினர். இன்றைய இளைஞரோ வினாத்தாளை நிரப்பி, அது கூறும் ஆளுமை வகையை நண்பர்களிடம் பெருமையுடன் சொல்லிக்கொள்கின்றனர். முன்னது மூடநம்பிக்கை, பின்னது அறிவியல் என்று ஒரே மூச்சில் தீர்ப்புக் கூறிவிடுவது படித்தவர்களாகிய நமக்கு எளிதாக இருக்கிறது. அத்தீர்ப்பில் பாதிதான் சரி என்பது என் கருத்து.

இது பொழுதுபோக்கு விவாதமன்று. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற ஒற்றைச் சொலவடை எத்தனை பெண்களின் திருமணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறது! ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதாம். கேட்டை கணவனின் தமையனுக்கு ஆகாதாம். விசாகம் கொழுந்தனுக்கு ஆகாதாம். 27 நட்சத்திரங்களில் நான்கு இப்படிப் பழி சுமக்கின்றன. பிறப்புகள் எல்லா நட்சத்திரங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதாகக் கொண்டால், 100 பெண்களில் ஏறத்தாழ 15 பேர் பிறக்கும்போதே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றனர். நம் வகுப்பறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

மறுபுறம், பட்டம் பெற்று வேலை தேடிப் போகும் இடங்களிலும் ஆளுமைச் சோதனைகள் காத்திருக்கின்றன. இராணுவ அதிகாரிப் பணிக்கான தேர்வுக்குச் செல்லும் நம் என்.சி.சி. நண்பர்கள் படத்தைப் பார்த்துக் கதை எழுதுகின்றனர். காட்டப்படும் சொல்லைக் கண்டதும் மனத்தில் தோன்றியதை 15 வினாடிக்குள் எழுதுகின்றனர். வாழ்வின் கதவைத் திறக்கவும் மூடவும் வல்ல எதையும் 'நீ எந்த அளவுக்கு உண்மை?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பொருந்துகிறது என்பது சான்றாகுமா?

"என் குணத்தை அப்படியே சொல்லிவிட்டாரே!" என்பதுதான் சோதிடத்திற்குச் சொல்லப்படும் முதற்சான்று. ஆளுமைச் சோதனை எழுதியவரும் இதையேதான் கூறுகின்றனர். இச்சான்றின் வலிமையை 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் சோதித்துப் பார்த்தார். தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பின்னர் ஒவ்வொருவருக்கும் 'இதுதான் உன் ஆளுமை' என்று ஒரு குறிப்பைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என 5-க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26! ஆனால், அனைவருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. அதிலுள்ள வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கும் சோதிட நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

வெளியில் துணிவாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் சில வேளை தயங்குபவர் என்று சொன்னால், 'இல்லை' என்று மறுப்பவர் எவர்? எனவே, பொருந்துகிறது என்ற உணர்வு சோதிடத்திற்கும் சான்றன்று; ஆளுமைச் சோதனைக்கும் சான்றன்று. இரண்டையும் வேறு தராசில்தான் நிறுக்க வேண்டும்.

இரண்டு எடைக்கற்கள்

உளவியல் அளவீட்டில் அத்தகைய எடைக்கற்கள் இரண்டு உண்டு. ஒன்று நம்பகம்: ஒருவரையே மீண்டும் அளந்தால் அதே விடை வருகிறதா? மற்றொன்று ஏற்புடைமை: அளப்பதாகச் சொல்வதை உண்மையிலேயே அளக்கிறதா?

முதலில் நம்பகம். சனி பகவான் மகரத்திலிருந்து கும்பத்திற்குப் பெயர்ந்தது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 17-1-2023. வாக்கியப் பஞ்சாங்கப்படியோ 20-12-2023. இடைப்பட்ட பதினொரு மாதங்களில் தனுசு ராசிக்காரர் ஒருவருக்கு ஏழரைச் சனி முடிந்துவிட்டதா, இல்லையா? பஞ்சாங்கத்தைப் பொறுத்தது என்பதே விடை. ஏப்ரல் 5 அன்று பிறந்தவருக்கு மேலைநாட்டுச் சோதிடம் சூரியனை மேஷத்தில் வைக்கிறது. நம் கணக்கு மீனத்தில் வைக்கிறது. ஆளுக்கு இரண்டு குணமா, என்ன?

ஆளுமைச் சோதனைகளும் இந்த இடத்தில் சிரித்துவிட முடியாது. உலகெங்கும் மிகுதியாக வழங்குவது மயர்ஸ்–பிரிக்ஸ் சோதனை. காதரீன் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மயர்ஸ் ஆகிய இருவரும் யுங்கின் 1921-ஆம் ஆண்டு நூலை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. மனிதரை 16 வகையாகப் பிரிப்பது. ஐந்து வாரம் கழித்து மீண்டும் எழுதியவர்களில் பாதிப் பேர் வரை வேறு வகைக்குள் விழுந்ததாக ஆய்வுகள் உண்டு. காரணம் எளியது. பெரும்பாலான மக்கள் ஒவ்வோர் அளவுகோலிலும் நடுவில்தான் நிற்கின்றனர். நடுவே கோடு கிழித்தால், 39 மதிப்பெண் எடுத்தவர் தோற்று 40 எடுத்தவர் வெல்வதுபோல, சிறு மாற்றமும் ஒருவரை மறுபக்கம் தள்ளிவிடும். ஆட்களைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என அதனை வெளியிடுவோரே கூறுகின்றனர். ஆயினும் பயன்படுத்துவோர் இருக்கின்றனர்!

களத்தில் சோதித்தபோது

அடுத்தது ஏற்புடைமை. 1985-இல் 'நேச்சர்' இதழில் ஷான் கார்ல்சன் ஓர் ஆய்வை வெளியிட்டார். 28 சோதிடர்களிடம் ஒருவருடைய ஜாதகத்தையும் மூவருடைய ஆளுமைச் சோதனை முடிவுகளையும் கொடுத்து, ஜாதகருக்கு உரிய முடிவு எது என்று கேட்டார். பாதிக்குக் குறையாமல் சரியாகச் சொல்வோம் என்றனர் சோதிடர்கள். சரியாக வந்ததோ மூன்றில் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அதுவே கிடைக்கும். இவ்வாய்வின் கணக்கைப் பின்னர் மறுத்துரைத்தவரும் உண்டு. ஆனால், அதே ஆய்வில் ஆளுமைச் சோதனை எழுதியவர்களாலும் தங்களுக்குரிய முடிவைச் சரியாக அடையாளம் காண முடியவில்லை என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

'அது மேலைநாட்டுச் சோதிடம். நம்முடையது வேறு' என்பர் சிலர். நம்முடையதும் சோதிக்கப்பட்டது. வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகரும் அவருடைய குழுவினரும் மகாராட்டிரத்தில் நன்கு படிக்கும் குழந்தைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைத் திரட்டினர். ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்களைக் கொடுத்து, எது எந்தப் பிரிவைச் சேர்ந்தது எனக் கேட்டனர். விடை அனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினால் 50 கிடைக்கும்! இது 2009-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. சோதனைகளுள் தேறியவையும் உண்டு. மனிதரை வகைகளாக வெட்டாமல், ஐந்து பண்புகளில் ஒவ்வொருவரும் எந்த அளவில் நிற்கிறார் என்று காணும் 'ஐம்பெரும் பண்புகள்' முறை பல நாடுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் பொறுப்புணர்வு என்ற பண்புக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பு உண்டு என 1991-இல் பாரிக், மவுன்ட் என்போரின் தொகுப்பாய்வு காட்டியது. ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.2. புள்ளியியல் படிப்போர் இதை வர்க்கப்படுத்திப் பார்க்கட்டும்: 0.04. அதாவது, வேலைத்திறனின் ஏற்றத்தாழ்வுகளில் 100-க்கு 4 பங்கைத்தான் அது விளக்குகிறது. எஞ்சிய 96 பங்கு வேறு எங்கோ இருக்கிறது. தேறிய சோதனையின் பெருமையும் அடக்கமும் இந்தச் சிறிய எண்ணில் அடங்கியுள்ளன.

இங்கேதான் உண்மையான வேறுபாட்டைக் காண்கிறேன். ஆளுமைச் சோதனை தன் பிழையை எண்ணால் சொல்லக் கடமைப்பட்டது. சொல்லாதபோது அதைப் பிடித்து உலுக்க நமக்கு வழி இருக்கிறது. மயர்ஸ்–பிரிக்ஸின் குறையைக் கண்டு சொன்னவர்களும் உளவியலாளர்களே. சோதிடம் தவறினாலோ, பிறந்த நேரம் பிழை என்பர். கணித்தவர் பிழை என்பர். சாத்திரம் மட்டும் ஒருபோதும் பிழையாகாது. தோற்கவே முடியாத ஒன்று வென்றதாகவும் சொல்ல முடியாது. 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பாடமாக்க முன்வந்ததும், அதில் தலையிட உச்ச நீதிமன்றம் 2004-இல் மறுத்ததும் இந்த நிலையை மாற்றிவிடவில்லை. பாடமாவதால் ஒன்று மெய்யாகிவிடாது.

சோதிடர் சொல்லும் ஆறுதல் துன்பத்தில் கைகொடுக்கிறது என்பர். மறுக்கவில்லை. நல்ல பெரியவர் எவர் சொல்லும் சொல்லும் கைகொடுக்கும். ஆனால், ஆறுதல் சொல்லும் உரிமை வேறு; ஒரு பெண்ணை நிராகரிக்கும் உரிமை வேறு.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் வேலைக்கு ஆளெடுக்கும் நாற்காலியில் அமர்வோம். அனைவரும் ஒரு நாள் பிள்ளைக்கோ தங்கைக்கோ வரன் பார்ப்போம். அப்போது நம் முன் நீட்டப்படும் தாள் ஜாதகக் கட்டமாக இருந்தாலும், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஆளுமை அறிக்கையாக இருந்தாலும் ஒரே கேள்வியைக் கேட்போம்: 'இது சொன்னது எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது? கணக்கு எங்கே?' கணக்குக் காட்டாத தாளை மடித்து வைத்துவிட்டு, எதிரே இருக்கும் மனிதரிடம் பேசுவோம்.