நட்டம் யார் தலையில்?

காலை ஆறரை மணிக்குப் பரந்தன் சந்தியில் நின்று பார்த்தால் இப்பகுதியின் பொருளாதாரம் கண்ணுக்குத் தெரியும். ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம் செல்லும் பஸ்கள், முல்லைத்தீவு வீதியில் திரும்பும் லொறிகள், பூநகரிப் பக்கம் போகும் உழவு இயந்திரங்கள். இவற்றுக்கு நடுவே, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்து நிற்கும் மனிதர்கள். எட்டு மணிக்குள் கூப்பிட்டால் அன்றைக்குச் சம்பளம் உண்டு. கூப்பிடாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கடந்த மழைக்காலத்தில் அங்கு தேநீர்க் கடையொன்றில் ஒதுங்கியபோது, மேசனுக்கு உதவி வேலை செய்யும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இப்ப கூலி நல்லாத்தானே கூடியிருக்கு?" என்றேன். அவர் சிரித்தார். "நானா, ஒரு நாளைக்கு எவ்வளவு எண்டு எல்லாரும் கேக்கினம். இந்த மாதம் எத்தனை நாள் வேலை எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை" என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வர்த்தகர்களான நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது எப்போதும் தொகையைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு கட்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த முறையில் கொடுக்கிறோம் என்பதை யோசிப்பதில்லை. ஆனால் நியாயமும் அநியாயமும் பெரும்பாலும் தங்கியிருப்பது அந்த முறையில்தான்.

முறை மாறினால் நட்டம் மாறும்

எமது பகுதியில் மூன்று சம்பள முறைகள் உண்டு: மாதச் சம்பளம், நாட்கூலி, வேலைக்கு இவ்வளவு என்று பேசும் கொந்தராத்து. இவற்றுக்கிடையிலான வேறுபாடு காசை எண்ணிக் கொடுக்கும் நாளில் மட்டும் இல்லை. வியாபாரத்தில் வரும் நட்டத்தை யார் சுமப்பது என்பதிலேயே அது இருக்கிறது.

மழை பெய்து கடைக்கு ஆள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரருக்கு அன்றைய சம்பளம் உண்டு, நட்டம் முதலாளிக்கு. நாட்கூலிக்காரரிடம் "இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா" என்று சொல்லிவிடலாம், நட்டம் அவருக்கு. கொந்தராத்து எடுத்தவர் நிலை இன்னும் மோசம். மழைக்கு அவரே பொறுப்பு. சீமெந்து வர மூன்று நாள் பிந்தினாலும் அவரே பொறுப்பு.

கணக்கும் அப்படித்தான். நாளொன்றுக்கு 2,500 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் 62,500 ரூபா. கேட்க நன்றாக இருக்கிறது. பத்து நாள்தான் வேலை என்றால் 25,000 ரூபா. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. நல்ல கூலி வாங்குகிறார் என்று நாம் நினைக்கும் மனிதர், அந்த மாதத்தில் சட்டம் சொல்லும் அடிமட்டத்துக்கும் கீழே வாழ்கிறார். சட்டத்தை யாரும் மீறவில்லை. முறைதான் அவரை அங்கே தள்ளியது.

கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவருக்கு இலாபம் உண்டு என்றால் நட்டத்தின் பொறுப்பும் அவருக்கு உண்டு என்பது நாமறிந்த மார்க்க விதி. இலாபத்தில் பங்கு கேட்காத கூலியாளின் தலையில் நட்டத்தை மட்டும் இறக்கி வைப்பது அந்த விதிக்குப் பொருந்துமா? ஒவ்வொரு முதலாளியும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பரந்தனின் இரண்டு பாடங்கள்

பரந்தன் மக்கள் இந்த வேறுபாட்டைப் பக்கம் பக்கமாகவே பார்த்தவர்கள். 1950களில் இங்கே அரசாங்கம் இரசாயனத் தொழிற்சாலையை நிறுவியது. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். குடிநீரைச் சுத்தம் செய்யும் குளோரின் இங்கிருந்து நாடெங்கும் போனது. அங்கே வேலை என்றால் மாதச் சம்பளம், சேமலாப நிதி, லீவு. மாதக் கடைசியில் காசு வரும் என்ற நிச்சயம் இருந்ததால் சந்திக் கடைக்காரரும் நம்பிக் கடன் கொடுக்கலாம். போர் அந்தத் தொழிற்சாலையை முடக்கியது. நிறுவனம் கொழும்பிலிருந்து குளோரின் இறக்குமதி செய்து விற்கும் நிறுவனமாகிவிட்டது. பரந்தனில் மிஞ்சியது இடிபாடு.

அதே தொழிற்சாலைக்கு உப்புக் கொடுத்த ஆனையிறவு சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. உப்பளத் தொழில் வெயிலை நம்பியது. கடல்நீரைப் பாத்தியில் கட்டி, காய வைத்து, உப்பை வாரி எடுக்க வேண்டும். மாரி மழை தொடங்கினால் வேலை இல்லை. உப்பளத்துக் கூலியாளின் வருமானமும் அந்த வெயிலோடு ஏறி, மழையோடு கரைந்துவிடும். 2025 மார்ச்சில் ஆனையிறவு உப்பளத்தில் உப்பைச் சுத்திகரித்துப் பொதியிடும் ஆலை திறக்கப்பட்டது. இரண்டு மாதம் போகுமுன், மே மாதத்தில், அங்குள்ள தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. இந்தியாவிலிருந்து உப்பு இறக்க வேண்டிய நிலை வந்திருந்தது. பொருளுக்கு இவ்வளவு கிராக்கி இருந்தும் அதை அள்ளுபவர் வீதிக்கு வர வேண்டியிருந்தது என்றால், விலை ஏறினாலே கூலியாளின் நிலை தானாக உயர்ந்துவிடாது என்பது விளங்கும்.

பேரும் துண்டும்

கிளிநொச்சி மாவட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பங்களில் கணிசமானவை மலையகத்திலிருந்து வந்தவை. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மக்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய தாய் தகப்பன் விட்டுவந்த சம்பள முறையை நாம் அறிந்திருப்பது நல்லது.

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்று ஒரு கணக்கு உண்டு. காலை முதல் மாலை வரை மலையில் நின்றால் மட்டும் ஒரு நாள் சம்பளம் விழாது. தோட்டம் சொல்லும் நிறைக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். நாட்சம்பளம் என்று பெயர், ஆனால் உள்ளே இருப்பது நிறைக்கூலி. கொழுந்து இல்லாத காலத்தில் பறிப்பவர் என்ன செய்வார்? நட்டம் மறுபடியும் அவர் தலையில்.

அதைவிடப் பழையது 'துண்டு'. தொழிலாளி பட்ட கடனைக் காகிதத்தில் எழுதி, அந்தக் கடனை அடைக்கும் தோட்டத்துக்கே ஆளை விடும் முறை. ஆளும் கடனும் சேர்ந்தே கைமாறும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1927இல் தோட்டத்திலிருந்த இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரத் துரைமாரின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கடைப் பையனுக்கு முற்பணமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, "அதைக் கழிக்காமல் போக முடியாது" என்று நிறுத்தி வைக்கும் வழக்கம் எம்மிடையே இல்லையா? சாப்பாடும் படுக்கையும் கொடுக்கிறோம் என்ற பெயரில் சம்பளத்தைக் கொப்பியில் மட்டும் எழுதி, பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவதாகச் சொல்லும் கடைகள் இல்லையா? தீபாவளிக்கோ பொங்கலுக்கோ போகும் பிள்ளைக்கும் அதே கதைதான். அந்தக் கொப்பியில் உள்ளது அவருடைய காசு. அதை வைத்துச் சரக்குப் போடுவது, கேட்காமல் வாங்கிய கடன்.

நெல் வயலிலும் தோட்டத்திலும் பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்பது இன்னும் போகவில்லை. பாரம் தூக்கும் வேலைக்குக் கூடக் கொடுக்கலாம். ஒரே வரிசையில் நின்று ஒரே களையைப் பிடுங்குவதற்கு இரண்டு விலை எப்படி வந்தது?

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தை மாதம் 10,000 ரூபா என்று வைத்தது. 2021இல் அது 12,500 ஆனது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டி, விலைவாசி ஒரே வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியபோதும் சட்டத்தில் இருந்தது அதே 12,500தான். 2024இல் 17,500, 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நாட்கூலி என்றால் குறைந்தது 1,200 ரூபா.

கடையில் ஒருவர் மட்டும் வேலை செய்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும். ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். 30,000 ரூபா சம்பளத்துக்கு எமது கையிலிருந்து போவது 4,500 ரூபா. மொத்தச் செலவு 34,500. பிந்தினால் 5 வீதம் முதல் 50 வீதம் வரை தண்டம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்தால், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு.

காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டும் எமது கடைகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

"எங்களுக்கே கட்டவில்லை"

இந்தக் குரலை அலட்சியம் செய்ய முடியாது. வயலை நம்பிய ஊரில் காலபோக அறுவடைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் காசு புழங்கும். பிறகு கடன் கொப்பிதான் நிறையும். நெல்லுக்கு விலை இறங்கினால் அந்தக் கடனும் வராது. கொழும்புக் கம்பனிக்குக் காசோலை மட்டும் திகதி தப்பாமல் போக வேண்டும். அடுத்த கடைக்காரர் சேமலாப நிதி கட்டாமல் விலையைக் குறைத்து விற்கும்போது, ஒழுங்காகக் கட்டுபவர் நட்டப்படுகிறார் என்பதும் உண்மையே. சட்டத்தைச் சிலரிடம் மட்டும் காட்டும் அதிகாரிகள் அந்த ஒழுங்கானவருக்கே அநியாயம் செய்கிறார்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். "ஆள் நிற்கிறார்கள் இல்லை" என்பது இன்று எல்லா முதலாளிமாரின் முறைப்பாடு. ஏன் நிற்க வேண்டும்? போருக்குப் பின் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. காலையில் பஸ் வீட்டருகே வருகிறது. மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் இருக்கின்றன. வெளிநாட்டுக்குப் போகும் வழியும் திறந்திருக்கிறது. ஆறு மாதம் தொழில் பழக்கி, பொருளின் விலையும் வாடிக்கையாளரின் முகமும் தெரிந்த பிறகு ஒரு பையன் போய்விட்டால், அந்த நட்டத்தை நாம் கணக்கில் எழுதுவதில்லை. மாதம் 4,500 ரூபாவை மிச்சம் பிடித்ததாக நினைத்து அதைவிடக் கூடுதலாக இழக்கிறோம்.

நாமும் அந்த வரிசையில் நின்றவர்கள்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் கடை வைத்திருந்தவர்கள், லொறி ஓட்டியவர்கள், பட்டறை நடத்தியவர்கள் கையில் எதுவுமில்லாமல் புத்தளத்தில் போய் இறங்கினார்கள். நேற்றுவரை சம்பளம் கொடுத்தவர்கள் கற்பிட்டி வெங்காயத் தோட்டத்திலும் புத்தளம் உப்பளத்திலும் நாட்கூலிக்கு நின்றார்கள். அகதி என்பதால் கூலியைக் குறைத்துப் பேசியவர்களை எமது மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. குறைத்துப் பேசாமல் அதே கூலியைக் கொடுத்தவர்களையும் மறக்கவில்லை.

2009க்குப் பிறகு அவர்களில் சிலர் திரும்பி வந்து மறுபடி கடை திறந்திருக்கிறார்கள். இன்று அவர்கள் கடையில் வேலை செய்பவர்களில் பலர், போரில் எல்லாவற்றையும் இழந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு சமூகங்களுக்கிடையே நம்பிக்கை வளர மேடைப் பேச்சு எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியாது. மாதக் கடைசியில் பேசிய சம்பளம் பேசிய நாளில் கைக்கு வருவது நிச்சயமாக உதவும்.

செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சிறு கடைக்காரரும் இந்த ஐந்தைத் தொடங்கலாம்.

ஒன்று, வேலை தொடங்குமுன் சம்பளம் எவ்வளவு, எந்த நாளில், எத்தனை மணித்தியாலத்துக்கு என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி ஊழியர் கையில் இருக்கட்டும்.

இரண்டு, வருடம் முழுவதும் தேவைப்படும் ஆளை நாட்கூலியில் வைத்திருக்காதீர்கள். மாதச் சம்பளத்துக்கு மாற்றி, சேமலாப நிதியில் பதிவு செய்யுங்கள்.

மூன்று, பருவ வேலைக்கு நாட்கூலி தவிர்க்க முடியாதென்றால், மாதத்துக்கு இத்தனை நாள் வேலை நிச்சயம் என்று ஓர் அளவைப் பேசிக்கொள்ளுங்கள். கூப்பிட்ட பிறகு மழையால் வேலை நின்றால் அரைச் சம்பளமாவது கொடுங்கள்.

நான்கு, முற்பணத்தைச் சம்பளத்திலிருந்து தனியாக எழுதுங்கள். மாதாமாதம் சிறிய தொகையாகக் கழியுங்கள். ஆளைப் பிடித்து வைக்க அதைக் கயிறாக்காதீர்கள்.

ஐந்து, ஒரே வேலைக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே கூலி.

கூலியை முன்பே பேசி முடிப்பதும், வேலை முடிந்தபின் இழுத்தடிக்காமல் கொடுப்பதும் மார்க்கக் கடமை என்று ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஸக்காத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பழக்கம் எம்மிடம் இருக்கிறது. அதைக் கணக்கிட உட்காரும் நாளில், கொப்பியில் நின்றுபோன சம்பளப் பாக்கியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஸக்காத் எமது பொருளிலிருந்து கொடுப்பது. சம்பளப் பாக்கி முதலிலிருந்தே எமது பொருளில்லை.