சாக்கில் அச்சடிக்கும் முன் மில்லைப் பாருங்கள்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற புரதம் உள்ளது. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. சிறிதளவு உள்ளே போனாலும் சிறுகுடல் பழுதடையும். உண்ட சத்து உடலில் ஒட்டாது. இதற்கு மருந்து கிடையாது, ஆயுள் முழுதும் பத்தியம்தான். வீட்டில் எப்படியோ சமாளிப்பார்கள். வெளிநாடு போனால்தான் திண்டாட்டம்.

இத்தாலி, கோதுமை ரொட்டியிலேயே வாழும் நாடு. ஆனாலும் அங்கே போகும் சீலியாக் நோயாளி பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வடக்கே வெர்செல்லிப் பகுதியில் நெல் விளைகிறது. மக்காச்சோள மாவில் நம் களியைப் போலவே கிண்டி, 'பொலெண்டா' என்று உண்கிறார்கள். 'குளுட்டன் இல்லாதது' என்று எழுதி விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. அதே இத்தாலியில், வால்தெல்லினா பள்ளத்தாக்கில் பக்வீட் மாவில் ஒரு பண்டம் செய்கிறார்கள். பெயரில்தான் 'வீட்', பக்வீட் கோதுமை இனமே அல்ல. ஆனால் பிசையும்போது கோதுமை மாவையும் சேர்த்து விடுகிறார்கள். தானியத்தின் பெயரை நம்பிச் சாப்பிட்டவர் பாடு அவ்வளவுதான்!

அப்படிப்பட்ட ஒருவர் நம் ஊருக்கு வந்தால்? அரிசியும் உளுந்தும்தானே என்று இட்லி கேட்பார். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ரவா தோசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை எதிலும் குளுட்டன் இல்லை. ஆகவே அந்தச் சொல்லைச் சாக்கில் அச்சடித்தால் கூடுதல் விலை கிடைக்குமே என்று நம் விவசாயிகள் சிலர் எண்ணுகிறார்கள். எண்ணம் சரிதான். ஆனால் மாவு அரைப்பது எங்கே? கோதுமை அரைத்த அதே மில்லில், அதே கல்லில்! கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. கல்லில் ஒட்டிய மாவே அதைத் தாண்டிவிடலாம். நம் நாட்டு உணவுச் சட்டத்திலும் இதே 20 தான் அளவு.

அச்சுக் கூலிக்குச் செலவழிக்கும் முன் பத்துப் பேர் சேர்ந்து சிறுதானியத்துக்கென்றே ஒரு மில்லை வைத்துக்கொள்வது நல்லது என்பேன். சல்லடையும் சாக்கும்கூடத் தனியாக இருக்க வேண்டும். மாவை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, சீட்டு கைக்கு வந்த பிறகு அச்சடிக்கலாம். மில்லுக்கு வசதியில்லையா? கோதுமைச் சாக்கை அண்டவிடாமல், தூற்றிச் சுத்தம் செய்து தானியமாகவே விற்கலாம். அரைப்பதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.