முதலில் கெயின், மற்றதெல்லாம் பிறகு!

வீட்டிலேயே பாட்டு, பேச்சு, ஆன்லைன் வகுப்பு என்று ரிக்கார்டு செய்ய இப்போது பலரும் யூ.எஸ்.பி. இணைப்புள்ள சிறிய மிக்சர் வாங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் வரிசை வரிசையாகக் குமிழ்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் திருகிப் பார்க்கக் கை பரபரக்கும். வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டு உபயோகத்தில் நீங்கள் கவனமாகத் திருக வேண்டியது ஒரே ஒரு குமிழைத்தான். அதன் பெயர் கெயின். சில மிக்சர்களில் ட்ரிம் என்று அச்சிட்டிருப்பார்கள்.

இது என்ன செய்கிறது? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. சாதாரண டைனமிக் மைக்கில் சில மில்லிவோல்ட்தான். அதைப் பெரிதாக்குவது மிக்சருக்குள் இருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபயர். எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று சொல்வதே கெயின். 60 டெசிபெல் கெயின் என்றால் மின்னழுத்தம் 1000 மடங்காகிறது என்று பொருள். அதற்குக் கீழே ஈக்யூ, பேன், கடைசியாக லெவல் அல்லது ஃபேடர். சிக்னல் மேலிருந்து கீழே வருகிறது. மேலே கெட்டதைக் கீழே உள்ள எந்தக் குமிழும் சரி செய்யாது.

நமக்குப் பழகியது கோயில் திருவிழாவின் மைக் செட். அதில் ஒரு மைக்குக்கு ஒரு வால்யூம் குமிழ் இருக்கும். ஸ்பீக்கர் ஊளையிடும் வரை ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்கி விடுவார்கள். அந்த இடத்துக்கு அது போதும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் ஆகாது. டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபெல் என்பது கூரை. அதற்கு மேல் போகும் அலையின் தலை வெட்டப்பட்டு விடும். பிறகு ஃபேடரை இறக்கினால் சத்தம் குறையும், கரகரப்பு போகாது.

பல்லாவரத்தில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பாட்டியின் தாலாட்டை ரிக்கார்டு செய்து வைத்திருக்கிறது. குரல் உயரும் இடமெல்லாம் கிழிந்து கேட்கிறது. பாட்டி இப்போது இல்லை. க்ளிப் ஆன ஒலியைச் சீர் செய்யும் சாப்ட்வேர் உண்டா என்று என்னிடம் கேட்டார்கள். உண்டு, ஆனால் அது வெட்டுப்பட்ட பகுதியை ஊகித்து நிரப்புகிறதே தவிர, பாட்டியின் குரலை மீட்டுத் தருவதில்லை. நான் எழுதும் புரோகிராமில் தவறு வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். இதில் அந்த வசதி கிடையாது.

சரி, எப்படிச் செட் செய்வது?

1. கெயினை முழுவதும் குறையுங்கள். ஈக்யூவை நடுவிலும், லெவலை 0 குறியிலும் வையுங்கள். எஃபெக்ட்டை நிறுத்துங்கள்.

2. கண்டென்சர் மைக் என்றால் மட்டும் 48 வோல்ட் பாண்டம் பவர் தேவை. ஹெட்போன் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதைப் போடுங்கள்.

3. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, பாட்டின் மிக உரத்த வரியைப் பாடச் சொல்லுங்கள்.

4. கெயினை மெல்ல ஏற்றுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச சாப்ட்வேரின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே வந்ததும் நிறுத்துங்கள். சிவப்பு விளக்கு ஒரு முறைகூட எரியக்கூடாது.

5. காதில் சத்தம் போதவில்லை என்றால் ஹெட்போன் குமிழைத் திருகுங்கள், கெயினை அல்ல.

மைனஸ் 12 மிகக் குறைவு என்று தோன்றலாம். கணக்குப் போடுவோம். ஒரு பிட் ஏறக்குறைய 6 டெசிபெல். 16 பிட் ரிக்கார்டிங்கில் 96 டெசிபெல் இடம் உண்டு. 12 போனாலும் 84 மிச்சம். நம் வீட்டு மின்விசிறியின் இரைச்சலே அதைவிடப் பெரிய தொல்லை. 24 பிட் என்றால் கவலையே இல்லை. குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றலாம், இரைச்சல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதிகமாகப் பதிந்தால் போனது போனதுதான். ஆகவே சந்தேகம் வந்தால் குறைத்தே வையுங்கள்.

இன்னொரு விஷயம். 8 சேனல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், விலை குறைந்த பல யூ.எஸ்.பி. மிக்சர்கள் எல்லாவற்றையும் கலந்து இரண்டே சேனலாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன. அங்கே கூட்டிய பாஸும் எதிரொலியும் ரிக்கார்டிங்கோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டு ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று பிறகு பிரிக்க முடியாது. ரிச்சி தெருவில் வாங்கப் போனால் "எத்தனை சேனல்?" என்று கேட்பதைவிட, "யூ.எஸ்.பி. வழியாக எத்தனை சேனல் தனித்தனியாகப் போகும்?" என்று கேளுங்கள்.

எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மிக்சர் கிடைத்தால், ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு குமிழையும் திருகிப் பாருங்கள். கெயின் குமிழ் கரகரத்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்.

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானச் சத்தத்துக்கு எந்தக் குமிழிலும் மருந்தில்லை. லோ கட் பட்டன் மின்விசிறியின் அடிநாத உறுமலைக் குறைக்கும், விமானத்தை நிறுத்தாது. மைக் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். வெளிச்சத்தம் அப்படியே இருக்கும். அப்போது கெயினைக் குறைத்தால் வெளிச்சத்தமும் சேர்ந்து குறையும். அப்படியும் கேட்டால், விமானம் போன பிறகு அந்த வரியை மறுபடி பாடச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாட்டோ கதையோ ரிக்கார்டு செய்யப் போகிறீர்களா? அவர்களை உட்கார வைப்பதற்கு முந்தின நாளே, வீட்டில் வேறு யாரையாவது பாட வைத்து இதைப் பழகிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும்.