கண் மங்கினால் பேரும் பாதியாகிறது



கொழுந்து எடுப்பவருக்குக் கண்தான் முதல் கருவி. இரண்டு இலையும் மொட்டும் தெளிவாகத் தெரியாவிட்டால் விரல் வேகமாக ஓடியும் பயனில்லை. கண் மங்கியவருக்கு முதலில் கிலோ குறைகிறது. பிறகு அரைப்பேர் விழுகிறது. "வயசாகிவிட்டது" என்று நிர்வாகம் சொல்கிறது. நாமும் தலையாட்டுகிறோம்.

பெரும்பாலும் அது கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளிறி மங்கிப் போவது. எந்தச் சொட்டு மருந்தாலும் மூலிகைச் சாற்றாலும் அது கரையாது. கண்ணை மரக்கச்செய்து, மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை பொருத்துவதே சிகிச்சை. பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். "புரை முற்றட்டும்" என்று காத்திருந்தால் சத்திரசிகிச்சைதான் கடினமாகும். மங்கல் கண் அழுத்த நோயாக இருந்தாலோ, போன பார்வை திரும்பாது. எனவே காட்டித் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

பயம் இருப்பது நியாயம். 2023இல் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பின் போட்ட துளிமருந்தால் சிலரின் பார்வை பாதிக்கப்பட்டது. அந்த மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. தரமான மருந்தை அரசிடம் உரத்துக் கேட்போம். அதற்காகச் சிகிச்சையைக் கைவிட்டு இருட்டில் இருக்க வேண்டாம்.

உண்மையான தடை வேறு. சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தூசியும் அழுக்குத் தண்ணீரும் படக் கூடாது. தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்து மலையேற முடியுமா? அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் லயத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது. நம் பெண்கள் கிளினிக் திகதியைத் தள்ளிப்போடுவது அறியாமையால் அல்ல, அடுப்பெரிய வேண்டும் என்பதால்.

ஆகவே சம்பளப் பேச்சுவார்த்தையில் இவற்றையும் வைக்க வேண்டும் என்பது எமது கருத்து: ஆண்டுக்கொரு முறை தோட்டத்திலேயே கண் பரிசோதனை, சத்திரசிகிச்சைக்குச் சம்பளத்துடன் விடுமுறை, திரும்பி வந்ததும் சில காலம் இலேசான வேலை. தெளிவாகப் பார்க்கும் தொழிலாளியால் தோட்டத்துக்கும் இலாபம்தான்.

இன்னொன்று. கண் வில்லை பொருத்துவதற்கு ஈ.டி.எஃப். நிதியத்தில் உதவித்தொகை உண்டு. அது வேலையில் இருக்கும் உறுப்பினர்களுக்கு உரியது. பென்ஷன் வயதுவரை பொறுத்திருந்தால் அந்த உரிமையும் கைநழுவும். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, விண்ணப்பத்துக்கு உங்கள் தோட்டத் தலைவரையோ மாதர் தலைவியையோ இன்றே அணுகுங்கள்.